சேவல் டீம் அக்கா

முதலில் குரல்தான் வரும், ஆள் பின்னால்தான் வருவார். மலேசியாவின் வடக்கே இருக்கிற எங்கள் பீடோங்கில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர்வரிசையில் என் கைப்பேசிக் கடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் கடைக்குள் யாருக்காவது ஒரு நல்ல அட்டை வந்துவிட்டால் போதும், அக்கா போடுகிற கூச்சல் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் வரை போய்ச் சேரும். "என்னா தம்பி, நேத்து உங்க கடையில சண்டையா?" என்று திங்கட்கிழமை வந்து விசாரித்தவர்கள் உண்டு. சண்டை இல்லை, சந்தோஷம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். நானே முதலில் நம்பவில்லை.

அவரை நாங்கள் வேன் அக்கா என்றுதான் சொல்வோம். பள்ளிக்கூட வேன் ஓட்டினார். ஐம்பதைத் தாண்டிய வயது, எப்போதும் கால்சட்டை, அதற்கு மேலே தொளதொளவென்று ஒரு பாஜு சட்டை, நெற்றியில் விபூதிக்கீற்று. வெள்ளை வேனின் இடது கன்னத்தில் ஒரு பெரிய சொட்டை இருந்தது. அதைப் பற்றிக் கேட்டால், "மாட்டைக் காப்பாத்துனேன், காடிதான் அடி வாங்கிச்சு" என்பார்.

அட்டை என்றால் என்ன அட்டை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் இணையத்தில் ஒரு பெட்டி கால்பந்து அட்டைகளுக்குச் சொல்லியிருந்தேன். ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகள், எந்தப் பொட்டலத்தில் யார் இருப்பார் என்று தெரியாமல் மூடி வரும். வந்ததோ பேஸ்பால் அட்டைப் பெட்டி. அமெரிக்காக்காரன் ஆட்டம். அந்த ஆட்டத்தை நான் ஜென்மத்தில் பார்த்ததில்லை. திருப்பி அனுப்பலாம் என்றால், அனுப்பியவன் பதிலே போடவில்லை. தலைவிதியே என்று கடையில் இருந்தவர்களோடு சேர்ந்து பிரித்தோம். பிரித்த அன்றைக்கே எல்லாருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது.

பிறகு அது ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகிவிட்டது. ஒரு பெட்டியைப் பலர் சேர்ந்து எடுப்போம். பெட்டி வருவதற்கு முன்பே ஆளுக்கு இரண்டு மூன்று அணிகளைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். நான் எல்லார் கண்ணுக்கும் முன்னால் பொட்டலங்களைக் கத்தரிப்பேன். எந்த அணியின் அட்டை வருகிறதோ, அந்த அணியைப் பிடித்தவருக்கு அந்த அட்டை. அவ்வளவுதான் சட்டம். சிலருக்குக் கட்டுக்கட்டாக வரும், சிலருக்கு ஒன்றுமே வராது. பெட்டி முழுவதும் அடுத்தவனுக்கே கொட்டுவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருக்க வேண்டும். மனிதனைச் சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று நான் நினைத்ததுண்டு.

அக்கா இதற்குள் வந்தது கைப்பேசிக்குக் கண்ணாடி ஒட்ட வந்த இடத்தில். மேசைமேல் கிடந்த ஒரு அட்டையைக் கையில் எடுத்தார். ஒரு மட்டை, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு சிவப்புப் பறவை. அந்த அணியின் சின்னம் அது. அக்கா அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"முருகா! சேவக்கொடியப் போட்டிருக்கான்!"

"அக்கா, அது சேவல் இல்லக்கா. ஏதோ அமெரிக்கக் குருவி."

"குருவியா? கம்பத்துமேல உக்காந்திருக்கு, செவப்பா இருக்கு, கொண்டை வேற இருக்கு. இது சேவல் இல்லாம வேற என்னாலா?"

கைப்பேசியில் தேடி அந்தப் பறவையின் பெயரைக் காட்டினேன். பார்த்தார். "அவனுக்கு என்னா தெரியும்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த அணி அவருக்குத்தான். சேவல் டீம். வேறு எந்த அணியையும் அவர் தொட்டதில்லை. சேவல் அட்டைகளை வீட்டில் சாமிப் படத்துக்குக் கீழே அடுக்கி வைத்தார், வேனின் முன்கண்ணாடிக்குக் கீழேயும் வரிசையாக நிறுத்தி வைத்தார். தாடியும் தொப்பியுமாக வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் பீடோங் பிள்ளைகளோடு தினமும் பள்ளிக்கூடம் போய் வந்தார்கள்.

அந்த அணிக்கு எங்கள் கடையில் ராசியே இல்லை. நல்ல அட்டை மற்ற எல்லாருக்கும் வந்தது, சேவலுக்கு மட்டும் வரவில்லை. பெயர் தெரியாத ஆட்டக்காரர்கள்தான் திரும்பத் திரும்ப வந்தார்கள். அக்கா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பொட்டலத்துக்குள்ளிருந்து ஏதாவது மின்னினால் கழுத்தை நீட்டி, "யாருக்கு? யாருக்கு வந்திருக்கு?" என்பார். நான் அணியின் பெயரைச் சொல்வேன். யார் என்று தெரிந்த மறுகணம் அந்த ஆளின் பெயரைச் சொல்லிக் கத்துவார். "சுப்ராவுக்கு வந்திருச்சு! டேய் சுப்ரா, உனக்குடா!" வந்தவன் பாதி நேரம் அதன் மதிப்புத் தெரியாமல் விழிப்பான். அக்கா கத்துவதைக் கேட்டுத்தான் தனக்கு ஏதோ பெரியது வந்திருக்கிறது என்று அவனுக்கு உறைக்கும்.

எனக்கு இது கொஞ்ச நாள் உறுத்தியது. நான் சந்தேகப் பிராணி. அடுத்தவனுக்கு வந்ததற்கு ஒருவருக்கு இவ்வளவு சந்தோஷம் வருமா? எனக்கெல்லாம் நியாயமாக வயிறு எரியும். பொய்க்குக் கத்துகிறார், உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டேவிட்டேன். அக்கா சிரித்தார்.

"தம்பி, நான் பள்ளியில போலா லிசுட் டீம்ல இருந்தேன். இதே ஆட்டம்தான், பந்து மட்டும் பெருசு. கடைசி வரைக்கும் ரிசர்வ். டீச்சர் என்னைய ஒரு ஆட்டத்துலகூட எறக்கல. 'நீ ஓரமா நின்னு கத்து, அது போதும்'னாங்க. கத்துனேன். தோட்டத்துப் பிள்ளைங்க டவுனு பிள்ளைங்கள அடிச்சு ஜெயிச்சோம்லா."

"நீங்க ஆடவே இல்லையேக்கா?"

"ஆடுனாத்தான் ஜெயிச்சதா?"

அவர் வளர்ந்த கித்தாத் தோட்டத்தில் ரப்பர் மரமெல்லாம் போய் இப்போது வீடுகள் நிறைந்த தாமான் வந்துவிட்டது. அவர்கள் ஆடிய திடல் இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள்.

ஒருமுறை கடைக் கூட்டமெல்லாம் சேர்ந்து தஞ்சோங் டாவாய்க்கு மீன் சாப்பிடப் போனோம். படகுத்துறையில் மலாய்க்காரப் பெரியவர் ஒருவர், பாக்சி என்றுதான் கூப்பிடுவோம், தூண்டில் போட்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார். மீன் மாட்டியது. அக்கா ஓட்டமாக ஓடி, "பாக்சிக்கு! பாக்சிக்கு வந்திருச்சு!" என்று போட்ட கூச்சலில் பெரியவர் தூண்டிலோடு ஆற்றில் விழப் பார்த்தார். எங்களுக்கு மானம் போனது. ஆனால் புறப்படும்போது அந்தப் பெரியவர் அக்காவைத் தேடி வந்து ஒரு பை கருவாட்டைக் கையில் வைத்துவிட்டுப் போனார். அந்த மனிதருக்காக யார் எப்போது கத்தியிருப்பார்கள்?

பன்னீர் விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியை உடைப்பதற்கு முன்னால் கடையிலுள்ள முருகன் படத்துக்கு முன்னே ஒரு தட்டில் பொட்டலங்களைப் பரப்பி, பன்னீர் தெளித்துவிட்டுத்தான் தொடவேண்டும் என்று அக்கா ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். "புதுக் காடிக்குப் பூசை போடுறோம், இதுக்குப் போட்டா என்னா கொறைஞ்சிரும்?" முதல்நாள் தெளித்தபோது ஒரு பெரிய ஆட்டக்காரரின் அட்டை வந்து தொலைத்தது. அதன்பிறகு பன்னீர் இல்லாமல் பெட்டியைத் திறக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. இத்தனைக்கும் ஈரம் அட்டைக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். சொன்னால் யார் கேட்கிறார்கள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது கொஞ்சம் உசத்தியான பெட்டி. ஆட்டக்காரர் கையெழுத்துப் போட்ட அட்டை ஒன்று கட்டாயம் உள்ளே இருக்கும் என்று பெட்டியின் முகத்திலேயே அச்சடித்திருந்தார்கள். கடை நிறைய ஆள். வர முடியாதவர்களுக்காகக் கைப்பேசியை நிறுத்தி வைத்து நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தேன். அக்கா தாராளமாகப் பன்னீர் தெளித்தார். நான் கத்தரிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு பொட்டலமாக வந்தது, போனது. கடைசிப் பொட்டலமும் காலியாயிற்று. கையெழுத்து அட்டை வரவில்லை.

எதிர்வரிசையில் டயர் கடை வைத்திருக்கும் மணியம் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். அவர் பிடிப்பது புலி டீம். "தம்பி, பொட்டியில இருக்குன்னு போட்டிருக்கான். எங்க?"

"எனக்கும் தெரியலண்ணே. கம்பெனிக்காரன் தப்பு பண்ணியிருப்பான்."

"அமெரிக்காக்காரன் தப்பு பண்ணுவான், நீ பண்ணமாட்டே. அப்படித்தானே?"

விளையாட்டாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் பீடோங் முழுக்க ஒரு காணொளித் துண்டு சுற்றிக்கொண்டிருந்தது. நான் பொட்டலத்தைக் கத்தரிக்கிறேன், என் கை மேசைக்கு அடியில் போகிறது, மேலே வருகிறது. அவ்வளவுதான். மேசைக்கு அடியில் துண்டு இருந்தது. பன்னீர் பட்ட கையைத் துடைத்தேன். அதை யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லச் சொல்ல இன்னும் மோசமாகத்தான் இருந்தது.

கைப்பேசிக் கடைக்காரனுக்குப் பெயர் போனால் எல்லாம் போனது. மகள் கல்யாணப் படம், வங்கிக் கணக்கு, புருஷன் பெண்டாட்டி சண்டை வரைக்கும் உள்ளே வைத்துத்தான் கைப்பேசியைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஒரு அட்டையை ஒளித்தவன் எதைத்தான் ஒளிக்கமாட்டான்? அந்த வாரம் பழுதுக்குக் கொடுத்திருந்தவர்கள் பாதியிலேயே வந்து வாங்கிப் போனார்கள். ஒரு அம்மா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு மச்சானோடு பினாங்குக்கு வேலைக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

அக்கா எனக்காகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். ஊருக்கே கத்துகிறவர் எனக்காக ஒரு வார்த்தை கத்தக்கூடாதா? செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தவர், "எங்கியாச்சும் ஒட்டிக்கிட்டு இருக்கும் தம்பி, வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு சார்ஜர் கம்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அதிர்ஷ்டக்காரனுக்குத்தான் அக்கா, அடிபட்டவனுக்கு இல்லை என்று முடிவுகட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை, பள்ளி விட்டு வருகிற நேரம். மண்டை பிளக்கிற வெயில். தெருமுனையிலிருந்து ஒரு ஹாரன், விடாத ஹாரன். ஏதோ விபத்து என்று நினைத்து வெளியே ஓடினேன். அக்காவின் வேன். ஜன்னலுக்கு ஜன்னல் சீருடைப் பிள்ளைகள் தலையை நீட்டிக்கொண்டு, எதற்கென்று தெரியாமலே கத்திக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் எல்லாரையும் மிஞ்சி ஒரு குரல்.

"மணியம்! மணியம்! உனக்குப்பா! உனக்குத்தான் வந்திருக்கு!"

வேன் என் கடையைத் தாண்டிப் போய் டயர் கடை வாசலில் நின்றது. மணியம் அண்ணன் கையில் ஸ்பேனரோடு, கரிபடிந்த முகத்தோடு எழுந்து நின்றார். அக்கா குதித்து இறங்கி அட்டையைத் தூக்கிக் காட்டினார். புலி டீம். குறுக்கே நீல மையில் கையெழுத்து.

நடந்தது இதுதான். நான் கத்தரித்த வாய் வழியாகப் பன்னீர் ஒரு பொட்டலத்துக்குள் இறங்கியிருக்கிறது. பளபளப்பான அந்த அட்டைகள் இரண்டு ஈரத்தில் ஒட்டிக்கொண்டன. மேலே இருந்தது ஒரு சேவல் அட்டை. நான் ஒன்றென்று நினைத்து இரண்டையும் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அவரும் ஒன்றென்று நினைத்துத்தான் வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே நிறுத்தி வைத்தார். நான்கு நாள் வெயிலில் பன்னீர் காய்ந்து, அட்டைகள் சுருண்டு, ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, பழைய கித்தாத் தோட்டத்து வளைவில் வேன் திரும்பும்போது சேவலுக்குப் பின்னாலிருந்து புலி கீழே விழுந்திருக்கிறது.

பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் தாமதமாகத்தான் வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஒரு தாயும் குறை சொல்லவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மணியம் அண்ணன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரம் வளைந்திருந்தது, ஒரு மூலையில் குங்குமம் பட்டிருந்தது. தெருவைக் கடந்து என் கடைக்கு வந்தார். நான் கல்லாவுக்குப் பின்னால் நின்றேன். மன்னிப்பெல்லாம் அவர் வாயில் வராது, அது எனக்குத் தெரியும்.

"தம்பி, இதுக்கு ஒரு நல்ல கவர் போட்டுக் குடு" என்றார். அட்டையை என் கையிலேயே கொடுத்துவிட்டு, வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் உள்ளே போய் கவர் தேடி எடுத்து வருகிற வரைக்கும் அவர் திரும்பியே பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்க உட்கார்ந்தவர்களிடமெல்லாம் அவரே போய்ப் போய்ச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் கடையில் கூட்டம். முகம் பார்க்காமல் போன அந்த அம்மா தன் கைப்பேசியோடு மகளுடையதையும் சேர்த்துக் கொண்டுவந்து வைத்தார்.

ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. அக்கா வந்தபோது கேட்டேன்.

"ஏன்கா, அட்டை கெடைச்சதும் நேரா அவருகிட்டதானே போனீங்க? என் கடையத் தாண்டித்தானே போனீங்க? நாலு நாளா நாறிப்போனது என் பேருக்கா. எனக்கு வந்து மொதல்ல சொல்லக்கூடாதா?"

அக்கா என்னை நிஜமாகவே புரியாமல் பார்த்தார்.

"உன் பேரு எங்கடா போச்சு? அது இருந்த எடத்துலதான் இருக்கு. அவன் அட்டதான் காணாமப் போச்சு."

நான் உள்ளே போய் ஏதோ தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றேன். கண் கலங்கிவிட்டது, அதற்கு என்ன வெட்கம். ஊரெல்லாம் என்னைச் சந்தேகித்த நான்கு நாளும் அக்காவுக்கு அந்தச் சந்தேகம் ஒரு நிமிடம்கூட வரவில்லை. வந்திருந்தால்தானே எனக்காக வாதாடத் தோன்றும்? நான் களவாணி இல்லை என்பது அவருக்குச் செய்தியே இல்லை. என் வாழ்க்கையில் எனக்குப் பரிந்து பேசியவர்கள் சிலர் உண்டு, அவர்களுக்கெல்லாம் நன்றி. ஆனால் பரிந்து பேசவேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்தவர் ஒருவர்தான்.

அதன்பிறகு பன்னீர் பெட்டிக்கு மட்டும் என்று சமாதானமானது. பொட்டலத்துக்கு இல்லை. அக்காவே வீட்டிலிருந்து ஒரு உலர்ந்த துண்டு கொண்டுவந்து மேசைக்கு மேலே வைத்தார், கீழே வேண்டாம் என்றார்.

அக்கா தன் மகளைச் செர்டாங்கில் கட்டிக்கொடுத்திருந்தார். மகளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்து, கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. வேனை விற்றார். "அங்க வந்து கத்துறதுக்கு எடம் இருக்கான்னு கேட்டேன், சுத்தி செம்பனைத் தோட்டந்தான்மா, எவ்வளவு வேணுன்னாலும் கத்துங்கன்னாரு மருமகன்" என்றார். போவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டி இருந்தது. எல்லாரும் வந்துவிட்டோம். மணியம் அண்ணன் கடையையே சாத்திவிட்டு வந்திருந்தார்.

அக்கா எல்லாருக்கும் கறிபாப் சுட்டுக் கொண்டுவந்திருந்தார். ஒரு ஓரத்தில் நின்று தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்தார், எங்கள் பக்கம் முதுகு. நான் பாதிப் பெட்டிக்குமேல் கத்தரித்திருந்தேன். ஒரு பொட்டலத்தில் கடைசி அட்டையைத் தள்ளினேன். நீல மை. கையெழுத்து. யாரோ ஒரு சின்னப் பையன், புதுசாக அணிக்கு வந்த ஆட்டக்காரன், எங்களில் ஒருவரும் கேள்விப்படாத பெயர். பெரிய மதிப்பெல்லாம் கிடையாது. சட்டையில் ஒரு மட்டை, அதன்மேல் ஒரு சிவப்புப் பறவை.

கடை அப்படியே அடங்கிப்போனது. அந்த அமைதி அக்காவின் காதில் விழுந்துவிட்டது. கையில் கறிபாப் தட்டோடு திரும்பி, கழுத்தை நீட்டினார்.

"என்னா, ஏதோ வந்திருக்கா? யாருக்கு? யாருக்குப்பா? சீக்கிரம் சொல்லுங்க!"

கத்துவதற்குத் தயாராக மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கத்தவேண்டியது நாங்கள். எல்லாரும் வாயைத் திறந்தோம். அப்போதுதான் தெரிந்தது, அவர் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இத்தனை காலம் எங்கள் ஒவ்வொருவர் பெயரையும் தெருவுக்கே கேட்கும்படி கூவியவரின் பெயரை ஒருவரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

மணியம் அண்ணன்தான் ஆரம்பித்தார். "அக்காவுக்கு!" தொண்டை கிழியக் கத்தினார். "வேன் அக்காவுக்கு வந்திருச்சு!" பிறகு சுப்ரா, பிறகு எல்லாரும். மேசையைத் தட்டினார்கள், காலால் தரையை உதைத்தார்கள். அட்டையை நான் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன்.

அக்காவின் வாய் திறந்தபடியே இருந்தது. சத்தம் வரவில்லை. அவ்வளவு பெரிய குரல் எங்கே போனதோ. தட்டைக் கீழே வைக்க இடம் தேடினார், கிடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்கா?" என்றார்.

"உங்களுக்குத்தான்கா!" என்று கத்தினேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களெல்லாம் எழுந்து நின்று எங்கள் கடையைப் பார்த்தார்கள்.